கடை இல்லாமல் இருபது ஆண்டுகள்
ஆஸ்திரேலியத் தலைநகரில் ஒரு குடியிருப்பின் கதை

ஒரு குடியிருப்பில் இருந்த மளிகைக் கடை மூடப்பட்டால் நஷ்டம் யாருக்கு? கடைக்காரருக்கு என்று நாம் உடனே பதில் சொல்லிவிடுவோம். அந்தக் கடையை நம்பி அவசரத்துக்குப் பால் வாங்கியவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், பக்கத்தில் முடிதிருத்தகமும் மருந்துக் கடையும் வைத்திருந்தவர்கள் எல்லாரும் நஷ்டக் கணக்கில் வர வேண்டியவர்கள் என்பது பிறகுதான் தெரியும். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பராவில் கிரலாங் என்று ஒரு குடியிருப்பு. சுமார் மூவாயிரம் பேர் வசிக்கும் அமைதியான இடம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே ஒரு மளிகைக் கடை கூட இல்லை. கடை திரும்ப வரவேண்டும் என்று குடியிருப்பவர்கள் கேட்டார்கள். வரக்கூடாது என்று பக்கத்துக் குடியிருப்புக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது. வியாபாரம் செய்கிற நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

நட்சத்திரப் பெயர் கொண்ட தெருக்கள்

கான்பரா தானாக வளர்ந்த ஊர் அல்ல. தாளில் வரைந்து பிறகு தரையில் கட்டிய ஊர். சிட்னியும் மெல்போர்னும் தலைநகரப் பட்டத்துக்குப் போட்டியிட்டதால், இரண்டுக்கும் இடையில் புதிதாக ஒரு நகரம் அமைக்கத் தீர்மானித்தார்கள். உலகளாவிய போட்டி வைத்து, 1912-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வால்டர் பர்லி கிரிஃபினின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் புகழ்பெற்ற ஓவியங்களை வரைந்தவர் அவருடைய மனைவி மரியன் மஹோனி கிரிஃபின். அவரும் கட்டடக் கலைஞரே. 1913-இல் நகரத்துக்குப் பெயர் சூட்டினார்கள்.

இரண்டு உலகப் போர்கள், நடுவில் ஒரு பொருளாதார மந்தம் என்று நாற்பது ஆண்டுகள் நகரம் மெதுவாகவே வளர்ந்தது. 1958 முதல் தேசியத் தலைநகர் வளர்ச்சி ஆணையம் என்ற அமைப்பு பொறுப்பேற்ற பிறகுதான் வேகம் பிடித்தது. அந்த ஆணையம் 1989 வரை செயல்பட்டது. வோடன், பெல்கானன், டக்கரனாங் என்று புதிய புறநகர்களைக் கட்டியது அதுதான். அவற்றில் பெல்கானன் பகுதியைச் சேர்ந்த ஒரு குடியிருப்பே நமது கிரலாங். 1974-இல் அரசிதழில் பெயர் வெளியாகி, அந்தப் பத்தாண்டுகளிலேயே மக்கள் குடியேறினார்கள்.

கிரலாங் என்பது அந்நாட்டுப் பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவினரான விராஜுரி இனத்தாரின் சொல். நட்சத்திரம் என்று பொருள். அதற்கேற்பத் தெருக்களுக்கெல்லாம் விண்மீன்களின் பெயரையும் விண்மீன் கூட்டங்களின் பெயரையும் வைத்தார்கள். அங்குள்ள ஆரம்பப் பள்ளி இருக்கும் தெருவின் பெயர் கனோபஸ் கிரசென்ட். கனோபஸ் யார் தெரியுமா? நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்கிறோமே, அதேதான். நம் ஊரில் பனிக்காலத்தில் தென்திசையில் தாழ்வாகத் தெரியும் அந்த விண்மீன், தென்கோளத்து மக்களுக்குத் தலைக்கு மேலே உயரத்தில் ஒளிர்கிறது. பக்கத்துக் குடியிருப்பான கலீன் என்பதற்குத் தண்ணீர் என்று பொருள். அங்கே தெருக்களுக்கு ஆறுகளின் பெயர்.

குடியிருப்புக்கு ஒரு கடைத்தெரு

கான்பராவைத் திட்டமிட்டவர்கள் கடைகளையும் விட்டுவைக்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு பெரிய கடை இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வரைந்துவிட்டார்கள். ஏணிப்படி போன்ற ஏற்பாடு அது.

எல்லாவற்றுக்கும் மேலே தலைநகரின் மையப் பகுதி. அடுத்த படியில் ஒவ்வொரு புறநகருக்கும் ஒரு நகர மையம். அங்கே பெரிய துணிக்கடைகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் இருக்கும். மூன்றாவது படியில் நாலைந்து குடியிருப்புகளுக்குப் பொதுவாக ஒரு கூட்டு மையம். அங்கே ஓரளவு பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கும். கடைசிப் படியில் அந்தந்தக் குடியிருப்பின் நடுவே உள்ளூர்க் கடைத்தெரு. ஒரு மளிகைக் கடை, ஒரு மருந்துக் கடை, பத்திரிகைக் கடை, முடிதிருத்தகம், பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுக்கும் ஒரு சிற்றுண்டிக் கடை. பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளியும் விளையாட்டுத் திடலும். தாய்மார்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பலாம். இதுதான் திட்டமிட்டவர்கள் மனதில் இருந்த சித்திரம்.

நிலம் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கான்பராவில் நிலம் யாருக்கும் முழுச் சொந்தம் கிடையாது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் பெற முடியும். இந்த நிலத்தை இன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். கடைக்கு என்று ஒதுக்கிய இடத்தில் வீடு கட்ட முடியாது. வீட்டுமனையில் இஷ்டத்துக்குக் கடை போடவும் முடியாது. ஆக, உள்ளூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்தவருக்கு அந்தக் குடியிருப்பில் போட்டியே கிடையாது. எதிரே இன்னொருவர் வந்து கடை திறந்துவிடுவாரோ என்ற பயம் இல்லாத வியாபாரம்.

கேட்கும்போதே நமக்குப் பொறாமையாக இருக்கிறதல்லவா? நம் ஊரில் ஒரு கடை கொஞ்சம் ஓடத் தொடங்கினால் மூன்றே மாதத்தில் அதே வரிசையில் மூன்று கடைகள் முளைத்துவிடும். அங்கே அரசாங்கமே வேலி போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த வேலிக்குள் இருந்த கடைகள்தான் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலி பக்கத்துக் கடைக்காரரைத் தடுத்தது. வெளியே போகும் வாடிக்கையாளரை அதனால் தடுக்க முடியவில்லை.

வாடிக்கையாளர் எங்கே போனார்?

முதல் காரணம் கார். அங்கே வீட்டுக்கு ஒரு கார் என்பது இரண்டு காராக மாறியது. பெல்கானன் நகர மையத்தில் 1978-இல் பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. கிரலாங்கிலிருந்து காரில் சில நிமிட தூரம்தான். ஒரு வாரத்துக்கு வேண்டிய சாமானை ஒரே நடையில் வாங்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம் வந்துவிட்டது. உள்ளூர்க் கடைக்கு மிஞ்சியது மறந்துபோன சாமான்கள் மட்டும். ஒரு பாக்கெட் பால், ஒரு ரொட்டி, ஒரு செய்தித்தாள். முழு மளிகைப் பட்டியல் வெளியே போய், மிச்சம் மீதி மட்டும் கடைக்கு வந்தால் கல்லாப் பெட்டி எப்படி நிறையும்?

இரண்டாவது காரணம் கடை நேரம். முன்பெல்லாம் ஆஸ்திரேலியாவில் பெரிய கடைகள் மாலையில் மூடிவிடும். சனிக்கிழமை மதியத்தோடு சரி. அந்த நேரங்களில் தெருமுனைச் சிறுகடைகள்தான் கைகொடுத்தன. பெரியவர்கள் தூங்கும் நேரம் சிறியவர்களின் சம்பாத்திய நேரமாக இருந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்தபோது அந்தச் சலுகை பறிபோனது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இரவு நேரக் கடை வசதியாகவும் இருந்தது.

மூன்றாவது காரணத்தை யாரும் எளிதில் யோசிப்பதில்லை. குடியிருப்புக்கும் வயதாகிறது. ஒரு புதிய குடியிருப்பில் குடியேறுபவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். வீட்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகள். இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விடுகிறார்கள். அதே வீட்டில் இரண்டு பேர், சில வீடுகளில் ஒரே ஒருவர். கணக்குக்காகச் சொல்கிறேன். ஆயிரம் வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாலாயிரம் வாடிக்கையாளர்கள். அதே ஆயிரம் வீட்டில் வீட்டுக்கு இரண்டரை பேர் என்றால் இரண்டாயிரத்து ஐநூறு. தெருவும் அதே தெரு, வீடும் அதே வீடு, வாடகையும் மின்கட்டணமும் குறையவில்லை. ஆனால் எட்டணா வியாபாரம் ஐந்தணா வியாபாரமாகிவிட்டது. கடைக்காரர் தான் ஏதோ தப்பு செய்ததாக நினைத்து வருந்துவார். உண்மையில் குழந்தைகள் வளர்ந்ததுதான் காரணம்.

சட்டம் போட்டுப் பார்த்தார்கள்

உள்ளூர்க் கடைகள் நலிவதைக் கான்பரா அரசு வேடிக்கை பார்க்கவில்லை. 1996-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகர மையங்களில் உள்ள பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இரவு நேரத்தில் வியாபாரம் செய்யக் கட்டுப்பாடு. அவை சீக்கிரம் மூடினால் வாடிக்கையாளர்கள் உள்ளூர்க் கடைக்குத் திரும்புவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அப்போது முதலமைச்சராக இருந்த கேட் கார்னெல் அரசியலுக்கு வருமுன் உள்ளூர்க் கடைத்தெரு ஒன்றில் மருந்துக் கடை நடத்தியவர். சிறு வியாபாரியின் கஷ்டம் அறிந்தவர் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் பொதுமக்களிடம் கடும் எதிர்ப்பு கிளம்பியது. வேலை முடிந்து வந்து சாமான் வாங்குகிறோம், எங்கள் வசதியைக் கெடுக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே கட்டுப்பாடு கைவிடப்பட்டது. நம்மைக் காப்பாற்ற வந்த சட்டம் வாடிக்கையாளருக்கு எரிச்சல் ஊட்டினால் அது நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டு வியாபாரம் செய்ய முடியாது.

இந்த நிலையில் கான்பராவின் பல குடியிருப்புகளில் உள்ளூர் மளிகைக் கடைகள் மூடப்பட்டன. சில இடங்களில் கடைத்தெருவே அடுக்குமாடி வீடாக மாறியது. கிரலாங்கிலும் 2000-க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளுக்குள் சூப்பர் மார்க்கெட் மூடப்பட்டது. மளிகைக் கடை போனால் மற்ற கடைகள் எத்தனை நாள் தாங்கும்? கடைத்தெருவுக்கு ஆளை இழுத்து வருவது மளிகைதான். முடி திருத்துவதற்கு மாதம் ஒருமுறை வருவோம். மருந்து வாங்க நோய் வந்தால் வருவோம். மளிகைக்குத்தான் அடிக்கடி வருவோம். கட்டடம் பூட்டிக் கிடந்து பாழடைந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. குடியிருப்பின் நட்ட நடுவே, பள்ளிக்கும் திடலுக்கும் அருகே, வேலி போட்ட வெற்றிடம். ஊருக்கு நடுவில் மையமாக இருக்க வேண்டும் என்று வரைந்த இடமே பார்க்கச் சகிக்காத இடமாகிவிட்டது.

புதிய கடை வருகிறது, வழக்கும் வருகிறது

இடிந்த கடைத்தெருவுக்குப் பதிலாகப் பெரிய சூப்பர் மார்க்கெட்டும் சில சிறு கடைகளும் கட்ட ஒரு திட்டம் வந்தது. பழைய கடையைப் போலச் சிறிதாகக் கட்டினால் மறுபடியும் மூட வேண்டிவரும், பெரிதாக இருந்தால்தான் ஆள் வரும் என்பது கட்டுபவர்கள் வாதம். பொதுவாக இத்தகைய விண்ணப்பத்தைத் திட்ட அதிகாரிகள்தான் பரிசீலிப்பார்கள். ஆனால் அப்போதைய கான்பராச் சட்டத்தில் அமைச்சருக்கு ஒரு தனி அதிகாரம் இருந்தது. விண்ணப்பத்தைத் தன் மேசைக்கு வரவழைத்துத் தானே முடிவெடுக்க முடிந்தது. 2011-இல் அமைச்சர் சைமன் கார்பெல் அவ்வாறு விண்ணப்பத்தை வரவழைத்து அனுமதி அளித்தார்.

கிரலாங் மக்கள் மகிழ்ந்தார்கள். பக்கத்துக் குடியிருப்புகளில் இடி விழுந்தது போலாயிற்று. எவட், கலீன் ஆகிய குடியிருப்புகளின் உள்ளூர்க் கடைத்தெருக்களில் சூப்பர் மார்க்கெட் நடத்தி வந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கிரலாங்கில் கடை இல்லாததால் அந்த மக்களில் ஒரு பகுதியினர் இவர்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய கடை திறந்தால் அவர்கள் போவது மட்டுமல்ல, தங்கள் சொந்தக் குடியிருப்பு வாடிக்கையாளர்களும் அங்கே போய்விடுவார்கள். கிரலாங் கடைக்கு நேர்ந்த கதி தங்களுக்கும் நேரும். இது வெறும் பொறாமை அல்ல. வயிற்றுப் பிரச்சினை.

அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். ஒரு கடைத்தெருக் கட்டடத்தின் உரிமையாளரும் சேர்ந்துகொண்டார். அமைச்சர் தந்த அனுமதி சட்டப்படி சரிதானா என்று ஆராய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆனால் அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன்பே வாசலில் ஒரு தடை. அரசின் முடிவை எதிர்த்து யார் வேண்டுமானாலும் வழக்குப் போட முடியாது. அந்த முடிவால் பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்தான் போட முடியும். வியாபாரம் குறையும் என்பது பாதிப்பு ஆகுமா? போட்டி வந்தால் யாருக்கும்தானே வியாபாரம் குறையும்?

கான்பரா நீதிமன்றம், அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் தோல்வி. விடாமல் ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு குடியிருப்பு மளிகைக் கடைக்காக ஐந்து நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு சொன்னது என்ன?

வியாபாரிகள் இந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் கடை நடத்துகிறவர்கள் பாதிக்கப்பட்டவர்களே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. புதிய கடையால் அவர்களுக்கு வரக்கூடிய நஷ்டம் பொதுமக்கள் எல்லாருக்கும் பொதுவான பாதிப்பு அல்ல. அவர்களைக் குறிப்பாகத் தாக்கும் பாதிப்பு. ஆகவே அவர்கள் வழக்காடலாம். கடைக்காரனின் பிழைப்பும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள்தான் என்று உயர்ந்த நீதிமன்றம் சொன்னது.

ஆனால் கட்டட உரிமையாளருக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. காரணம் என்ன? குத்தகைக்காரரின் வியாபாரம் குறைந்தால் தன் வாடகை வருமானமும் குறையும் என்பதற்குப் போதிய சான்று அவர் தரப்பில் இல்லை. கடைக்காரருக்கு அடி விழும் என்பது தெளிவு. அந்த அடி கட்டடக்காரரையும் எட்டும் என்பது ஊகம். ஊகத்தை வைத்து வழக்காட முடியாது. நஷ்டம் என்று வாயால் சொன்னால் போதாது, கணக்கில் காட்ட வேண்டும் என்ற பாடம் நமக்கும் உரியது. விற்பனைக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வாடிக்கையாளர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்ற விவரம் ஆகியவை கையில் இருந்தால்தான் நாளைக்கு ஒரு அதிகாரியிடம் நம் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமைச்சரின் அனுமதி தவறு என்று உயர்ந்த நீதிமன்றம் சொல்லவில்லை. கடைக்காரர்களுக்குப் பேச உரிமை உண்டு என்று மட்டுமே சொன்னது. பேச உரிமை கிடைப்பது வேறு, வெற்றி கிடைப்பது வேறு.

இரு பக்கமும் நியாயம்

இந்த வழக்கில் யார் பக்கம் நிற்பது? நாம் வியாபாரிகள். எவட், கலீன் கடைக்காரர்கள் மேல்தான் நமக்கு இரக்கம் வரும். திட்டத்தை நம்பி முதல் போட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் சிறு கடை என்ற ஏற்பாட்டை நம்பித்தான் அவர்கள் கடை வைத்தார்கள். நடுவில் விதியை மாற்றிப் பெரிய கடைக்கு அனுமதி கொடுத்தால் அவர்கள் போட்ட முதலுக்கு யார் பொறுப்பு?

அதே சமயம் கிரலாங்கில் கார் ஓட்ட முடியாத வயதில் இருக்கும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். குடியேறியபோது நடந்து போய்ப் பால் வாங்கியவர். இப்போது ஒரு பாக்கெட் பாலுக்கும் பேருந்தையோ மகனையோ எதிர்பார்க்க வேண்டும். வழக்கு நடந்த ஒவ்வொரு ஆண்டும் அவருக்கு ஒரு ஆண்டுதான். பிழைப்புக்காகக் கடைக்காரர்கள் நடத்திய போராட்டத்தின் செலவில் ஒரு பங்கு அந்த அம்மாளின் தலையிலும் விழுந்தது. இதை மறைத்துவிட்டு வியாபாரிகளுக்கு வெற்றி என்று மட்டும் எழுதினால் அது நேர்மை ஆகாது.

தீர்ப்புக்குப் பிறகும் உடனே கட்டடம் எழவில்லை. ஆண்டுகள் பல ஓடின. கடைசியில் 2020-க்குப் பிறகுதான் புதிய கட்டடம் வந்தது, சூப்பர் மார்க்கெட்டும் திறந்தது. பழைய கடை மூடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவுக்கு மேலே இருக்கும் பெயர் வூல்வர்த்ஸ்.

அந்தப் பெயரின் எடை தெரிந்தால்தான் கதையின் முடிவு புரியும். வூல்வர்த்ஸ் 1924-இல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம். அதன் போட்டியாளரான கோல்ஸ் 1914-இல் மெல்போர்னில் ஒரு சிறு கடையாகத் தொடங்கியது. இன்று ஆஸ்திரேலியாவின் சூப்பர் மார்க்கெட் மளிகை விற்பனையில் சுமார் 67 சதவீதம் இந்த இரு நிறுவனங்களின் கையில் இருப்பதாக, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நூறு ரூபாய்க்கு மளிகை விற்றால் அறுபத்தேழு ரூபாய் இரண்டே கல்லாப் பெட்டியில் விழுகிறது. ஆக, உள்ளூர்ச் சிறுகடைக்கு என்று வரைந்த இடத்தில் கடைசியில் வந்து அமர்ந்தது நாட்டின் மிகப் பெரிய கடை.

தாக்குப் பிடித்தவர்கள்

கான்பராவில் சிறு கடைகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாக நடக்கும் உள்ளூர்க் கடைத்தெருக்களும் உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம்.

ஒன்று, சேர்ந்து கொள்முதல் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் தெருவுக்குத் தெரு ஐ.ஜி.ஏ. என்ற பலகையைப் பார்க்கலாம். அது ஒரே முதலாளியின் கடை அல்ல. சுதந்திர மளிகைக் கடைக்காரர்களின் கூட்டமைப்பு. அமெரிக்காவில் 1926-இல் தோன்றிய இந்த ஏற்பாடு 1988-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. கடை அவரவருக்குச் சொந்தம். லாபமும் அவரவருக்கு. பலகையும் விளம்பரமும் பொது. சரக்கு பெரும்பாலும் மெட்காஷ் என்ற ஒரே மொத்த வியாபார நிறுவனத்திடமிருந்து வருகிறது. தனித்தனியாகப் பத்து மூட்டை கேட்டால் கிடைக்காத விலை, ஆயிரம் கடை சேர்ந்து கேட்டால் கிடைக்கிறது. பெரிய நிறுவனத்தின் விலையை முழுவதும் எட்ட முடியாவிட்டாலும், களத்தில் நிற்க அது உதவுகிறது.

இரண்டு, பெரிய கடையில் கிடைக்காததை விற்றார்கள். சூடான ரொட்டி, உள்ளூர்ப் பண்ணைக் காய்கறி, நல்ல பாலாடைக் கட்டி, உட்கார்ந்து காப்பி குடிக்க நாலு நாற்காலி. பெல்கானன், கங்காலின் பகுதிகளில் இன்று இந்திய மளிகைக் கடைகளும் இருக்கின்றன. புழுங்கல் அரிசி, உளுந்தம் பருப்பு, கறிவேப்பிலை, தோசை மாவு வாங்க நம்மவர்கள் அங்கே தேடிப் போகிறார்கள். பெரிய கடையின் அலமாரியில் நாலு பாக்கெட் இருக்கலாம். எந்த உளுந்து மாவு காணும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

மூன்று, கடையைக் குடியிருப்பின் இடமாக ஆக்கினார்கள். பள்ளி விழாவுக்கு உதவுவது, வராதவர்களுக்குச் சரக்கை வீட்டில் கொண்டு கொடுப்பது, வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி விசாரிப்பது. இதெல்லாம் நம் அண்ணாச்சிக் கடைகள் யாரும் கற்றுக் கொடுக்காமலே காலகாலமாகச் செய்து வருவதுதான்.

நமக்கு

கிரலாங் நமக்குத் தொலைதூர ஊர். நம் தெருக்களில் யாரும் இத்தனை கடைதான் இருக்கலாம் என்று வரைபடம் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு வண்டி, இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் பெரிய கடை, வளர்ந்து வெளியூர் போன பிள்ளைகள் என்று அங்கே கடையை மூடிய மூன்று காரணங்களும் நம் புறநகர்களுக்கும் வந்துவிட்டன. கைபேசியில் ஆர்டர் கொடுத்தால் வீட்டு வாசலுக்குச் சரக்கு வருவது நான்காவது காரணம்.

வணிகப் பெருமக்களே, இன்று இரவு கடையை எடுத்து வைத்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் முழு மாதப் பட்டியல் கொடுத்த குடும்பங்கள் எத்தனை? இன்று அவர்களில் எத்தனை பேர் கொத்தமல்லிக்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் வருகிறார்கள்? அந்த வித்தியாசம் எவ்வளவு என்று எழுதுங்கள். கிரலாங் கடைக்காரர் அந்தக் கணக்கை எப்போது போட்டார் என்று நமக்குத் தெரியாது. போடும்போது நேரம் கடந்திருக்கலாம். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் கணக்கை அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து கொள்முதல் செய்வது பற்றிப் பேசத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது.